போனது திரும்பி வர எத்தனை காலம்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை நேற்று ராத்திரி ஒரே மூச்சில் படித்தேன். உன் நெறியாளர் அதை அனுப்பி, "ரெண்டு வரி எழுதிக் கொடுங்க" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் அடங்கவில்லை. இதே தவற்றை இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் இன்னும் சில பிள்ளைகளிடமும் பார்க்கிறேன். அதனால்தான் உன் சம்மதம் கேட்டு, எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஏரிச் சேற்றில் பெங்குவின் எச்சத்தை எப்படி அடையாளம் காண்பது, பனிக்கட்டியிலிருந்து பழைய வெப்பநிலையை எப்படி எடுப்பது என்பதெல்லாம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நேராக உன் 7-ஆம் படத்துக்கு வருகிறேன்.

மேலே ஜேம்ஸ் ராஸ் தீவின் 364 மீட்டர் பனிக் கோரிலிருந்து வந்த வெப்பநிலைக் கோடு. கீழே ஆர்ட்லி தீவின் ஏரிச் சேற்றிலிருந்து வந்த பெங்குவின் கோடு. கீழ்க்கோடு மூன்று இடங்களில் ஏறக்குறைய தரையைத் தொடுகிறது. மூன்றுக்கும் நீலப் பட்டை தீட்டி, "குளிர்" என்று எழுதிவிட்டாய். அங்கிருந்து ஒரே தாவலில் 2100-க்குப் போய், "கடந்த காலம் எதிர்காலத்தின் கண்ணாடி, வெப்பம் கூடக் கூட ஆர்ட்லியில் பெங்குவின் பெருகும்" என்று முடித்திருக்கிறாய். கண்ணாடி என்ற சொல் இந்த இயலில் ஐந்து முறை வருகிறது. ஐந்து முறையும் எனக்குச் சுருக்கென்றது.

2000-இல் லிகுவாங் சுன் குழுவினர் ஆர்ட்லி தீவின் 3,000 ஆண்டுப் பதிவை 'நேச்சர்' இதழில் வெளியிட்டபோது நாங்கள் எல்லோரும் பூரித்துப் போனோம். ஒரு மீட்டர்கூட நீளமில்லாத சேற்றில் ஸ்ட்ரான்ஷியமும் ஃபுளோரினும் பாஸ்பரசும் ஏறி இறங்குவதை வைத்து, பறவைகள் பெருகியதையும் குறைந்ததையும் காட்டினார்கள். 2,300 ஆண்டுகளுக்கும் 1,800 ஆண்டுகளுக்கும் முந்தைய இடைவெளியில் பறவைகள் மிகக் குறைவு. அது குளிர்ந்த காலம். நானே அதை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

2017-இல் ஸ்டீவன் ராபர்ட்ஸ் குழுவினர் அதே தீவில் இன்னும் ஆழமாகப் போனார்கள். பதிவு 8,500 ஆண்டுகளுக்கு நீண்டது. சேற்றுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் பட்டைகள். சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டிசெப்ஷன் தீவு வெடித்ததில் வந்த சாம்பல் அது. கடந்த 7,000 ஆண்டுகளில் குறைந்தது மூன்று முறை ஆர்ட்லியின் பெங்குவின் கூட்டம் ஏறக்குறைய அடியோடு அழிந்திருக்கிறது. மூன்று முறையும் பெரிய வெடிப்புக்குப் பின்னால். வெப்பநிலைக்கும் பறவைகளின் எண்ணிக்கைக்கும் அங்கே சீரான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை.

இந்த இரண்டு கட்டுரைகளையும் நீ ஒரே பக்கத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறாய். இரண்டாவதிலிருந்து எண்களை எடுத்துக்கொண்டு, காரணத்தை முதலாவதிலிருந்து எடுத்திருக்கிறாய். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். உன் மூன்று பள்ளங்களிலும் அந்தக் காக்கைகூட உட்காரவில்லை, தம்பி. பழத்தை விழுத்தாட்டியது வேறொன்று. அது சேற்றுக்குள்ளேயே கறுப்பாகக் கிடக்கிறது.

எந்தக் கோரையும் எண்ணாக மாற்றுவதற்கு முன்னால் கையால் தொட்டுப் பார் என்று முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். ஏரிச் சேறு வெண்ணெய் போல் வழுக்கும். சாம்பல் பட்டை வந்தால் விரலிடுக்கில் நறநறவென்று உரசும். அந்த உரசலை எக்செல் தாள் உனக்குச் சொல்லாது. கோரைப் பிளந்த அன்றைக்கு எழுதிய குறிப்பேட்டின் படம் ஒன்றாவது கிடைக்குமா என்று கேட்டு வாங்கு. உன் சொந்தக் கோராக இல்லாவிட்டாலும் கேள். கொடுப்பார்கள்.

கண்ணாடி என்ற சொல் ஏன் உறுத்துகிறது தெரியுமா? கண்ணாடியில் தெரிவது நம் முகம். பழைய வெப்பக் காலங்கள் எதிலும் நம் முகம் இல்லை. 1,25,000 ஆண்டுகளுக்கு முன்னால் வடதுருவத்தில் கோடை சூடேறியது, பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மாறி வெயில் கூடியதால். அப்போது காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 280 பங்கு அளவில்தான் இருந்தது. இன்றைக்கு 420-ஐத் தாண்டிவிட்டது. தெற்கிலோ நாம் கணக்கெடுக்க ஆரம்பித்ததே திமிங்கிலங்களையும் கடல்நாய்களையும் வேட்டையாடித் தீர்த்த பிறகு. ஸ்டீவன் எம்ஸ்லியும் வில்லியம் பேட்டர்சனும் அடேலி பெங்குவின்களின் பழைய முட்டையோடுகளை ஆராய்ந்து, சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்னால்தான் அவை மீனை விட்டுக் கிரிலுக்கு மாறின என்றார்கள். கிரிலைத் தின்னும் பெரிய வாய்கள் போனதால் மிச்சமான தீனி அது என்பது அவர்கள் தரும் விளக்கம். அப்படியானால் உன் படத்தில் "இயல்பு நிலை" என்று நீ கோடு போட்டிருக்கும் 1970-களின் எண்ணிக்கை எந்த அளவுக்கு இயல்பு?

கடந்த காலத்தைச் சாட்சி என்று சொல். சாட்சியிடம் என்ன பார்த்தாய், எப்போது பார்த்தாய், கூட யார் இருந்தார் என்று கேட்க வேண்டும். கேட்காமல் தீர்ப்பு எழுதக்கூடாது.

இரண்டாவது தவறு எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது. அதே படத்தில், "வெப்பம் ஏறி 60 ஆண்டுகளில் பெங்குவின் பெருகத் தொடங்கியது" என்கிறாய். பின்னிணைப்பைப் புரட்டினேன். அந்த அடுக்கின் வயதுக்கு நேராக ±90 என்று நீயே போட்டிருக்கிறாய். 90 ஆண்டு முன்னேயோ பின்னேயோ தள்ளக்கூடிய வயதை வைத்து 60 ஆண்டுத் தாமதத்தை எப்படி அளந்தாய்? டிசெப்ஷன் தீவின் மிகப் பெரிய வெடிப்புக்கு 2018-இல் கணித்த வயது 3,980 ± 125 ஆண்டுகள். அந்த 125-ஐ அவர்கள் மறைக்கவில்லை. நீ மட்டும் ஏன் உன் கோட்டைப் பென்சில் முனையாகச் சீவுகிறாய்?

இதில் எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று சொல்லிவிடுகிறேன்.

1993 ஜனவரி. ஷிர்மாக்கர் பாலைச்சோலையில் உள்ள நம் மைத்ரி நிலையத்திலிருந்து தெற்கே மலைகளுக்கு ஹெலிகாப்டரில் போயிருந்தோம். கடல் கண்ணுக்கெட்டாத தூரம். அங்கே பாறைப் பிளவுகளில் பனிப் பெட்ரல்கள் கூடு கட்டியிருந்தன. புறா அளவுதான் இருக்கும். உடம்பு முழுக்க வெள்ளை, கண்ணும் அலகும் மட்டும் கறுப்பு. ஒரு பிளவுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்த பறவை என் நெஞ்சில் ஆரஞ்சு நிற எண்ணெயைக் கக்கியது. கோவா திரும்பும்வரை அந்த மேலங்கியை யாரும் அறைக்குள் விடவில்லை. அந்த எண்ணெய்தான் கூட்டு வாசலில் தலைமுறை தலைமுறையாகப் படிந்து மெழுகுப் பாறையாக இறுகிக் கிடக்கிறது. முமியோ என்று பெயர். முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முமியோ அந்தப் பகுதி மலைகளில் கிடைத்திருக்கிறது.

ஒரு துண்டை உடைத்து வந்து ரேடியோ கார்பன் வயது பார்த்தேன். வந்த எண்ணை அப்படியே மேடையில் சொன்னேன், இத்தனையாவது ஆண்டில் இந்தப் பாறையை விட்டுப் பனி விலகியது என்று. பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "இந்தப் பறவை எங்கே போய்ச் சாப்பிடும்?" என்று கேட்டார். "கடலில்தான்" என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தென்கடலில் ஆழத்திலிருந்து பழைய நீர் மேலே வருகிறது. அதில் மேய்கிற எதுவும் ரேடியோ கார்பனில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூப்பாகத் தெரியும். இன்று காலையில் செத்த பெங்குவினும் அப்படித்தான். அதை நான் கழிக்கவே இல்லை. பனி விலகிய காலத்தை ஆயிரம் ஆண்டுக்கு மேல் பின்னால் தள்ளிவிட்டேன். அவர் வேறொன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். அந்த ஒற்றைக் கேள்விக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். அதே கேள்வியை இன்று உன்னிடம் ஒப்படைக்கிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உன் 41-ஆம் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆய்வகப் பெட்டியில் கிடந்த முமியோத் துண்டு ஒன்றைக் குறுக்கே அறுத்து, அடுக்கடுக்காக எழுதியிருக்கிறாயே, அந்தப் பக்கத்தை நான்கு முறை படித்தேன். "இந்த அடுக்கு மீன் தின்ற காலம், இந்த அடுக்கு கிரில் தின்ற காலம்; பறவை மாறவில்லை, கடற்பனியின் விளிம்புதான் அதற்கு எட்டும் தூரத்துக்கும் எட்டாத தூரத்துக்கும் போய் வந்திருக்கிறது" என்று எழுதினாய். மலையுச்சியில் கிடைத்த ஒரு கையளவு மெழுகில் கடலைப் படித்துவிட்டாய். இந்தத் துறையில் இத்தனை வருஷம் இருந்து நான் எழுதிய எதிலும் அப்படி ஒரு பக்கம் இல்லை. மனப்பூர்வமாகச் சொல்கிறேன். அதை எழுதிய கைதான் 7-ஆம் படத்தையும் வரைந்தது என்பதால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது.

ராபர்ட்ஸ் குழுவின் கட்டுரையில் நீ தாண்டிப் போன எண் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அழிவுக்கும் பிறகு ஆர்ட்லியில் பெங்குவின் கூட்டம் மறுபடி நிலைகொள்ள சராசரியாக 400 முதல் 800 ஆண்டுகள் ஆனது. பழைய பதிவுகள் நமக்குத் தரும் பெரிய செல்வம் இதுதான். எத்தனை டிகிரியில் எது போகும் என்பதை இன்றைய கள ஆய்விலும் ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். போனது திரும்பி வர எத்தனை காலம் ஆகும் என்பதை எந்த மனிதனும் தன் ஆயுளில் பார்க்க முடியாது. அதைச் சேறும் மெழுகும் பாசியும்தான் பார்த்திருக்கின்றன.

ஒவ்வொரு உயிருக்கும் அந்தக் காலம் வேறு. கனடாவின் பாஃபின் தீவில் பனி விலகி, வெயிலும் சூடும் வந்து, உச்சமும் கடந்துபோனது. குட்டை பிர்ச் செடி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. ஏரிச் சேற்றில் கிடைத்த டி.என்.ஏ. அதைச் சொல்கிறது. அதே செடி 1,25,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பக் காலத்தில் இன்றைய எல்லையைத் தாண்டி வடக்கே சுமார் 400 கிலோமீட்டர் போயிருந்தது. போக முடியும்; நேரம் வேண்டும். நீந்தத் தெரிந்த யானைச் சீல்களோ ராஸ் கடலோரத்தில் பனி குறைந்த காலத்தில் வந்து குட்டி போட்டுக் குடியிருந்தன. பனி திரும்பியதும் போய்விட்டன. சிக்னி தீவில் 1,500 ஆண்டுகளுக்கு மேல் உறைந்து கிடந்த பாசியை வெட்டி வந்து, வெளிச்சமும் சூடும் கொடுத்து வைத்தார்கள். துளிர்த்தது. அது எங்கும் போகவே இல்லை. இருந்த இடத்திலேயே காத்திருந்தது.

காத்திருப்பது ஒன்று, நீந்தி வருவது ஒன்று, ஆயிரம் ஆண்டு நடந்து வருவது ஒன்று. இந்த மூன்றையும் ஒரே வெப்பநிலைக் கோட்டில் கோத்து 2100-இல் முடிச்சுப் போட்டால், உன் படத்தைப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? சூடு தணிந்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும் என்று நினைப்பார். ஏறிய கோடு அதே வழியில் இறங்கும் என்று நம்புவார். கொள்கை வகுக்கும் மேசைக்கு உன் படம் போகும் நாளில் அந்த நம்பிக்கையும் கூடவே போகும்.

ஆகவே ஒன்று செய். 7-ஆம் படத்தின் கிடை அச்சை 2100-இல் நிறுத்தாமல் 2900 வரை இழு. முன்கணிப்பு முடியும் இடத்தில் கோட்டை நிறுத்திவிடு. மிச்ச இடம் வெள்ளையாகவே இருக்கட்டும். உன் 4-ஆம் அட்டவணையில் பன்னிரண்டு உயிரினங்கள் வைத்திருக்கிறாய். ஒவ்வொன்றுக்கும் நேராக 'அழியும் வெப்பம்' என்று போட்டிருக்கிறாய். அதற்குப் பக்கத்தில் 'திரும்ப ஆகும் காலம்' என்று ஒரு கட்டம் சேர். பதிவு கிடைத்த இடத்தில் எண்ணையும் ±-ஐயும் போடு. கிடைக்காத இடத்தில் சிறு கோடு போட்டு விட்டுவிடு. எத்தனை கட்டங்களில் கோடு விழுகிறதோ, அத்தனை வருஷ வேலை உனக்குக் காத்திருக்கிறது. முமியோவை அறுத்த அந்தக் கத்தியைப் பத்திரமாக வைத்துக்கொள்.

திருத்திய படத்தைப் பொங்கலுக்குள் அனுப்பு. முதலில் 4-ஆம் அட்டவணையைத்தான் பார்ப்பேன்.

உன் நலம் நாடும்,
மைத்ரிக்குப் போய் வந்த ஒரு மூத்தவன்