மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா?

டிரான்ஸ்ஃபார்மர் மாற்றிய மறுநாள் த்ரீ பேஸ் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் சரியாக வரவில்லையா? உடனே மோட்டாரைக் கழற்றாதீர்கள். பேஸ் வரிசை மாறியிருக்கலாம். மோனோபிளாக் என்றால், நிறுத்தியதும் விசிறி வேகம் குறையும்போது திசை தெரியும். பம்பின் மேலுள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். போர்வெல் சப்மெர்சிபிளில் பார்க்க வழியேது? இரு திசையிலும் சிறிது நேரம் ஓட்டி, தண்ணீர் அதிகம் வரும் திசையை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மெயினை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கி, மூன்று பேஸிலும் கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்துவிட்டு, ஸ்டார்டருக்கு உள்ளே வரும் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை மட்டும் இடம் மாற்றுங்கள். மூன்றையும் வரிசையாகத் தள்ளி மாட்டினால் பழைய திசைதான்! ஸ்டார்-டெல்டா ஸ்டார்டரில் மோட்டாருக்குப் போகும் ஆறு ஒயர்களில் கை வைக்க வேண்டாம். எர்த் ஒயரிலும்தான். 415 வோல்ட், பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.