காய்ச்சல் வருமுன் கண்டறிதல்



1988ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு சிறுவனின் சிறுநீர் பரிசோதனைக்கு வந்தது. அவன் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஆமிஷ் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. கை கால்கள் முறுக்கி, நடக்க முடியாமல் இருந்தான். மூளைவாதம் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். டாக்டர் ஹோம்ஸ் மார்ட்டன் அதைச் சோதித்து, ‘குளுட்டாரிக் அசிடூரியா முதல் வகை’ என்னும் பரம்பரை நோய் என்று கண்டார். அந்த மக்களிடையே இதே நோயால் முடங்கிய வேறு பிள்ளைகளும் இருந்தார்கள்.

புரத உணவிலுள்ள லைசின், டிரிப்டோபேன் ஆகியவற்றைச் சிதைக்கத் தேவையான ஒரு என்சைம் இவர்களுக்குச் சரியாக வேலை செய்வதில்லை. பெற்றோர் இருவரும் நலமாயிருந்தே குறையுள்ள ஜீனைச் சுமக்கிறார்கள். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

எம்.ஆர்.ஐ. படங்கள் இந்நோயைப்பற்றி இரண்டு காரியங்களைக் கற்றுத் தந்தன.

முதலாவது, குழந்தை சிரித்து விளையாடும் நாளிலேயே மூளையின் இரு பக்கங்களிலும் நீர் நிறைந்த இடைவெளி அகன்று தெரிகிறது. அங்கே இழுபட்ட சிறு இரத்தக் குழாய்கள் கசிந்து இரத்தம் தேங்குவதும் உண்டு. இதைக் கண்டு, பெற்றோர் குழந்தையை அடித்தார்கள் என்று தவறாகச் சந்தேகிக்கப்படுவதும் நடக்கிறது.

இரண்டாவது, காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து குழந்தை சாப்பிடாதிருந்தால், உடல் தன் சொந்தப் புரதத்தையே கரைக்கத் தொடங்கும், நச்சு பெருகும். அப்போது அசைவுகளை ஒழுங்குபடுத்தும் ‘ஸ்ட்ரயேட்டம்’ என்னும் உட்பகுதி சேதமடைவதைப் படம் காட்டுகிறது. இந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது. பெரும்பாலும் இது முதல் இரண்டு வயதுக்குள் நேரிடும். ஆறு வயதைக் கடந்தால் ஆபத்து மிகக் குறைவு.

ஆகவே அந்தச் சில ஆண்டுகள் பிள்ளையைக் காப்பதே சிகிச்சை: லைசின் குறைந்த உணவு, கார்னிட்டின் மருந்து, காய்ச்சல் கண்டவுடன் தாமதமின்றி குளுக்கோஸ். படம் மட்டும் நோயை உறுதிசெய்யாது. இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளும் வேண்டும். பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தமே முன்கூட்டி எச்சரிக்கும்.

1989இல் டாக்டர் மார்ட்டனும் அவர் மனைவி கரோலினும் ஸ்ட்ராஸ்பர்க் என்னும் சிற்றூரில் இப்பிள்ளைகளுக்காக ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஆமிஷ், மெனோனைட் மக்கள், தங்கள் களஞ்சியங்களைக் கட்டுவதுபோலவே, கூடி உழைத்து அதற்கு மரக் கட்டிடம் எழுப்பினார்கள். ஏல விற்பனைகள் நடத்தி இன்றும் அதைத் தாங்கி வருகிறார்கள்.

பிறந்தவுடன் கண்டறியப்பட்டு, கவனமாய்ப் பராமரிக்கப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று தங்கள் கால்களால் நடக்கிறார்கள்.