மருந்துக் கடையும் அமானிதமும்

பாமசி நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மருந்து விற்பவனல்ல. கொப்பி பார்க்கத் தெரிந்த வியாபாரி. வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளுள் ஏறத்தாழ பாதிப் பேர்தான் மருந்தை ஒழுங்காகப் பாவிக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் கூறியது.

உங்கள் கொப்பியைப் பாருங்கள். 30 நாள் குளிசை வாங்கியவர் 45ஆம் நாள் வந்தால், இடையில் விட்டிருக்கலாம். ஏசாமல் காரணம் கேளுங்கள்: பணமா, மறதியா, தலைசுற்றா? உறையில் நேரத்தைத் தமிழில் எழுதி, அவரையே திருப்பிச் சொல்ல வையுங்கள்.

நோன்பு காலத்தில் கூடுதல் கவனம் தேவை. சீனி வருத்தக்காரர் சிலர் காலைக் குளிசையைத் தாமாகவே சஹருக்கு மாற்றுவர். கிளிபென்கிளமைட் போன்றவை பகலில் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். ஷஃபானிலேயே டொக்டரிடம் அனுப்புங்கள்.

செலவு இரண்டு நிமிடம். வாடிக்கையாளரின் சுகம் உங்களிடம் அமானிதம்.