கண்ணாடியில் தெரிவது சற்று முன் எடுத்த படம்

"அங்க டாக்டர் ஒரு கண்ணாடி மாட்டிக்குவாராம். முதுகெலும்பு, நரம்பு எல்லாம் தோலுக்குள்ள அப்படியே தெரியுமாம். கை கால் போற பயமே இல்லையாம்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஸ்கேன் எடுக்க வருகிறவர் சொல்கிறார். துணைக்கு வந்த மைத்துனர் வாட்ஸ்அப் வீடியோவை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். சிலர் குறித்த ஆபரேஷன் தேதியைத் தள்ளிவைத்துவிட்டு, கண்ணாடி இருக்கும் ஆஸ்பத்திரியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தோலுக்குள் இருக்கும் முதுகெலும்பைப் பார்க்கிற கண்ணாடி உலகத்தில் எங்கும் கிடையாது. அந்தக் கண்ணாடியில் தெரியும் எலும்பு, எங்கள் கதிரியல் துறையின் சரக்கு. சி.டி. படம்.

நடப்பது இதுதான். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, ஒரு முள்ளெலும்பின் பின்முனையிலோ இடுப்பெலும்பிலோ சின்னக் கவ்வி ஒன்றைப் பொருத்துவார்கள். கண்ணாடியில் இருக்கும் கேமரா அடையாளம் காண வேண்டிய குறி அந்தக் கவ்வியில் இருக்கும். அதே நிலையில் ஆபரேஷன் மேசையிலேயே சி.டி. எடுப்பார்கள். கவ்வி இருக்கும் இடத்தையும் படத்தையும் கணினி பொருத்திக்கொள்ளும். அதன் பிறகு சர்ஜன் எந்தப் பக்கம் பார்த்தாலும், அந்தக் கோணத்துக்கு ஏற்ப எலும்பின் படம் நோயாளியின் முதுகின் மேல் விழுந்ததுபோலத் தெரியும். கருவியின் முனை எங்கே போகிறது என்பதையும் காட்டும். அருமையான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் படம் பிடித்த நொடியோடு சி.டி.யின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு உள்ளே எலும்பில் நேரும் எந்த மாற்றமும் கண்ணாடிக்குத் தெரியாது.

யாருடைய முழங்கையாவது கவ்வியில் இடித்துவிட்டால்? எலும்பு இருந்த இடத்தில் இருக்கும், படம் நகர்ந்துவிடும். கணினியைப் பொறுத்தவரை நோயாளிதான் அசைந்தார். முதுகெலும்பில் பொருத்தும் திருகுக்கு வழி போட அழுத்தும்போது முள்ளெலும்பு கொஞ்சம் திரும்பினால் நிலைமை நேர்மாறு. தையல்காரர் சாக்பீஸால் போட்ட கோடு துணி நகர்ந்தால் கூடவே நகரும். இங்கே துணி மட்டும் நகரும், கோடு அப்படியே நிற்கும். கவ்வியை விட்டுத் தள்ளிப்போகப் போக இந்தப் பிழை கூடும். அதனால்தான் விவரமான சர்ஜன் அவ்வப்போது தனக்குத் தெரிந்த எலும்பு முனை ஒன்றைக் கருவியால் தொட்டு, படத்திலும் அதே இடம்தானா என்று சரிபார்த்துக்கொள்வார். வீடியோவில் அந்தப் பகுதியை வெட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று, "நரம்பும் தெரியுமாம்" என்பது. சி.டி. எலும்பைத் துல்லியமாகக் காட்டும். தண்டுவடத்தையும் நரம்பு வேர்களையும் காட்டுவதில் அது சுமார்தான். கண்ணாடிக்குள் மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் நரம்பு விளம்பரப் படத்தின் உபயம். எலும்பை வைத்து, நரம்பு இங்கேதான் இருக்கும் என்று கணிப்பவர் சர்ஜன்தான்.

"தவறே நடக்காது" என்றும் சொல்கிறார்களே, அதற்கு வருவோம். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் 20 நோயாளிகளுக்கு இதைப் போன்ற முறையில் 253 திருகுகள் பொருத்தி, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே கண்ணாடிகூட இல்லை, திரையில்தான் படம். துல்லியம் 94.1 சதவீதம். பெரிதாக விலகிய திருகு ஒன்றும் இல்லை. நல்ல முடிவு. ஆனால் இந்தக் கணக்கில் எலும்புச் சுவரைத் தாண்டி 2 மி.மீ. வரை வெளியே வந்த திருகும் தேறியதாகவே சேரும். அதையும் தாண்டியவை ஏறத்தாழ 15. நடுமுதுகில் திருகு நுழைய வேண்டிய எலும்புப் பாலம் பலருக்கு 5 மி.மீ. அகலம்கூட இருக்காது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். நூற்றுக்கு நூறு என்று சொல்கிறவர் மருத்துவர் இல்லை, விற்பனையாளர்.

"பல வருஷமா வெளிநாட்டில் எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க." இல்லை. எக்ஸ்விஷன் என்ற கண்ணாடிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்ததே 2019 டிசம்பரில். அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சர்ஜன் டிமோதி விதம் குழு அதைக் கொண்டு முதல் நோயாளிக்கு ஆறு திருகுகள் பொருத்தியது 2020 ஜூனில்.

"ரோபோதான் ஆபரேஷன் பண்ணுது." அது வேறு இயந்திரம். கண்ணாடிக்குக் கை கிடையாது.

"கதிர்வீச்சே இல்லை." சி.டி. இல்லாமல் படம் ஏது? படம் எடுக்கும்போது டாக்டரும் செவிலியரும் தடுப்புக்குப் பின்னால் போய்விடலாம், நோயாளி போக முடியாது.

"கண்ணாடி இருந்தால் அனுபவம் வேண்டாம்." வேண்டும். படமே கவனத்தை இழுத்துவிடலாம். 2013இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், மூக்கு வழி எண்டோஸ்கோப்பி பயிற்சியில் இத்தகைய கூடுதல் படத்தோடு வேலை செய்த சர்ஜன்கள், கண்ணெதிரே கிடந்த அந்நியப் பொருளையே மற்றவர்களைவிட அதிகம் கவனிக்காமல் விட்டார்கள். கண்ணாடியின் உண்மையான லாபம் சின்னது, ஆனால் நிஜமானது: திரையைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியதில்லை. பார்வை காயத்தின் மேலேயே இருக்கும்.

எனக்கு உண்மையில் கோபம் வேறொன்றில். கண்ணாடியைப் பற்றி இத்தனை கேள்வி கேட்கிறவர்களில், "எனக்குத் திருகு எதற்கு?" என்று கேட்கிறவர் அபூர்வம். கையில் இருப்பது எங்களைப் போன்றவர்கள் எழுதிய எம்.ஆர்.ஐ. அறிக்கை. அதில் 'டிஸ்க் பல்ஜ்', 'தேய்மானம்' என்று நாலு வரி. அவ்வளவுதான், முதுகே போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வு சொல்கிறது: 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, 80 வயதினரில் 96 சதவீதம். தலை நரைப்பதற்கு யாரும் ஆபரேஷன் தேடுவதில்லையே.

ஒவ்வொரு முதுகு எம்.ஆர்.ஐ. அறிக்கையிலும், 'இந்த மாற்றம் வலியில்லாத இந்த வயதினரில் இத்தனை பேருக்கு இருக்கும்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் கட்சி. அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் முயன்று பார்த்தார்கள். முதுகுக்கான சிகிச்சையின் அளவு மொத்தத்தில் குறையவில்லை என்று 2020இல் முடிவு வந்தது. குறையாவிட்டால் என்ன, பயமாவது குறையட்டும். நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

டிஸ்க் எனும் ஜவ்வு விலகி காலுக்கு இறங்கும் வலி, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் கத்தி படாமலே தணிந்துவிடும். காத்திருக்கக் கூடாதவர்கள் வேறு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், உட்காரும் இடம் மரத்துப்போனால், பாதம் திடீரெனத் தொங்கிவிட்டால் அன்றைக்கே அருகில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே கண்ணாடி இருக்கிறதா என்று போன் போட்டு விசாரித்துக்கொண்டிருக்காதீர்கள்.