சாரல் காலத்தில் வேகம் கூடும் சில்லு



கணிப்பொறியில் விளையாடும் வழக்கம் உங்களில் பலருக்கு இருக்கும். தென்காசியில் சித்திரை மாத நண்பகலில் ஒரு கார்ப் பந்தய விளையாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடங்கள் காட்சி தங்குதடையின்றி ஓடும். பிறகு கார் சற்றே திக்கித் திக்கிச் செல்வதுபோல் தோன்றும். ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி, குற்றாலத்தில் சாரல் தொடங்கிய பிறகு அதே கணிப்பொறியில் அதே விளையாட்டை ஓடவிட்டால் அந்தத் திக்கல் குறைந்திருக்கும். கணிப்பொறி பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பல வேளைகளில் பழுது எதுவும் இராது. உள்ளே இருக்கும் வரைகலைச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அது ஏன் அப்படிச் செய்கிறது என்பதை, நீங்கள் வகுப்பில் படித்த இயற்பியலைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

வரைகலைச் செயலி என்பது திரையில் படம் தீட்டும் சில்லு. 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 60 படங்கள் என்றால், ஒவ்வொரு வினாடியும் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். இதற்காக இச்சில்லில் ஆயிரக்கணக்கான சிறு கணக்கிடும் அலகுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. 2012ஆம் ஆண்டு மார்ச்சில் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஜி.டி.எக்ஸ் 680 என்ற அட்டையில் இத்தகைய அலகுகள் 1536. டிரான்சிஸ்டர்கள் 354 கோடி.

இத்தனை கோடி டிரான்சிஸ்டர்களும் ஒரே தாளத்திற்கு இயங்க வேண்டும். அந்தத் தாளத்தைத் தருவது கடிகாரத் துடிப்பு. உங்கள் பள்ளியில் என்.சி.சி. அணிவகுப்பைப் பார்த்திருப்பீர்கள். "லெஃப்ட், ரைட்" என்ற குரலுக்கு எல்லோரும் அடி வைக்கிறார்கள். குரலின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் குட்டைக் காலுள்ள பையன் பின்தங்குவான், வரிசை குலையும். சில்லிலும் அப்படித்தான். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில், சில்லிலுள்ள மிக நீண்ட வழியில் செல்லும் மின்குறியும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சேராவிட்டால் கணக்கு தப்பாகும். மின்னழுத்தத்தை உயர்த்தினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாகத் திறந்து மூடும், குட்டைக்கால் பையனுக்கும் சுறுசுறுப்பு வந்துவிடும். ஆகவே அதிக வேகம் வேண்டுமென்றால் அதிக மின்னழுத்தம் வேண்டும். இந்த ஒரு செய்தியில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

தொட்டியும் மின்தேக்கியும்

டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும், அதனோடு இணைந்த கம்பியும், ஒரு மிகச் சிறிய மின்தேக்கி போன்றவை. "ஒன்று" என்றால் மின்னூட்டம் நிரப்ப வேண்டும், "சுழி" என்றால் வடித்துவிட வேண்டும். இதற்கு எவ்வளவு ஆற்றல் செலவாகும்?

நேரான சுவர் கொண்ட ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பரப்பு மின்தேக்குதிறன், நீர்மட்டத்தின் உயரம் மின்னழுத்தம். பக்கத்தில் அதே உயரத்தில் நீர் நிற்கும் பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து குழாய் வழியாகத் தொட்டியை நிரப்புகிறோம். உயரத்தை இரு மடங்காக்கினால் தொட்டி கொள்ளும் நீர் இரு மடங்கு. அந்த நீர் ஒவ்வொரு சொட்டும் இறங்கிவரும் உயரமும் இரு மடங்கு. ஆக, ஏரி இழக்கும் ஆற்றல் நான்கு மடங்கு! அதில் பாதி நிரம்பும்போதே குழாய் உராய்வில் வெப்பமாகிவிடுகிறது. மீதிப் பாதி, தொட்டியை வடிக்கும்போது வெப்பமாகிறது. ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இதை வினாடிக்கு எத்தனை முறை செய்கிறோமோ, அதனால் பெருக்கினால் திறன் கிடைத்துவிடும்:

திறன் = மின்தேக்குதிறன் × மின்னழுத்தம் × மின்னழுத்தம் × அதிர்வெண்

(ஒவ்வொரு துடிப்பிலும் எல்லா டிரான்சிஸ்டர்களும் மாறுவதில்லை. மாறுகிற பங்கையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். நம் கணக்குக்கு அது மாறிலி என்று கொள்வோம்.)

இப்போது 2000 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், 1 வோல்ட் அழுத்தத்தில் ஓடும் ஒரு சில்லின் வேகத்தை 1600 மெகாஹெர்ட்ஸாகக் குறைப்போம். வேகம் குறைந்ததால் 0.8 வோல்ட்டே போதும் என்று வைத்துக்கொள்வோம். திறன் 0.8 × 0.8 × 0.8, அதாவது 0.512 பங்காகிறது. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தோம், மின்செலவு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. திறன் வேகத்தின் மூன்றாம் படியைப் போல் ஏறி இறங்குகிறது. சுரண்டைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் இறகுகள்மீது வீசும் காற்றின் திறனும் காற்று வேகத்தின் மூன்றாம் படிதான். காரணம் வேறு, படி ஒன்று.

மிக மெதுவாக ஓடினால்?

அப்படியானால் சில்லை ஆமை வேகத்தில் ஓட்டி மின்சாரத்தை மிச்சப்படுத்தலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் விடை எதிர்பாராதது.

சில்லு வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் மூடிய டிரான்சிஸ்டர்கள் வழியாகச் சிறிது மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அடைத்த குழாயில் சொட்டும் நீர் போல. நினைவகம், விசிறி ஆகியவற்றின் செலவும் உண்டு. மேலும், ஓர் எல்லைக்குக் கீழே மின்னழுத்தத்தை இறக்க முடியாது, டிரான்சிஸ்டர் ஒழுங்காகத் திறக்காது. எடுத்துக்காட்டாக, நம் சில்லு முழு வேகத்தில் வேலைக்காக 150 வாட், நிலையான செலவாக 30 வாட், ஆக 180 வாட் எடுக்கிறது என்போம். மின்னழுத்தத்தின் கீழெல்லை 0.7 வோல்ட். நிலையான செலவு மாறாது எனக் கொள்வோம். ஒரு வேலையை முழு வேகத்தில் முடிக்க 100 வினாடி ஆகிறது. செலவு 18,000 ஜூல்.

1600 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் 106.8 வாட், 125 வினாடி. செலவு 13,350 ஜூல். நல்ல சிக்கனம். 1200 மெகாஹெர்ட்ஸில், 0.7 வோல்ட்டில் ஓட்டினால் 12,350 ஜூல். இன்னும் நன்று. சரி, 400 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குவோம். அழுத்தம் அதே 0.7 வோல்ட்தான். திறன் வெறும் 44.7 வாட். ஆனால் வேலை முடிய 500 வினாடி ஆகும். பெருக்கிப் பாருங்கள்: 22,350 ஜூல்! முழு வேகத்தில் ஓட்டியதைவிடச் செலவு அதிகம். நீண்ட நேரம் விழித்திருந்ததற்கான கூலி அது.

எனவே செயலியின் கட்டுப்பாட்டுச் சுற்று இரண்டு தந்திரங்களைக் கலந்து கையாள்கிறது. வேலை இருக்கும்போது ஏற்ற வேகம். வேலை இல்லாத பகுதிக்குத் துடிப்பையே நிறுத்துவது, நீண்ட நேரம் வேலை இல்லையென்றால் மின் இணைப்பையும் துண்டித்துவிடுவது. நீங்கள் கணிப்பொறியில் கட்டுரை தட்டச்சு செய்யும்போது வரைகலைச் செயலியின் பெரும்பகுதி உறங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த ஜூல் கணக்கு விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்திவரும் ஜோஹோ நிறுவனம், 2025 ஜூலையில் 'ஜியா' என்ற தன் மொழி மாதிரியை அறிவித்தது. இத்தகைய மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் வேலை பெரும்பாலும் வரைகலைச் செயலிகள் மீதுதான் விழுகிறது. இவ்வேலைக்கென 2022இல் என்விடியா அறிவித்த எச்100 என்ற சில்லின் பெரிய வகை 700 வாட் வரை எடுக்கும். ஒரு நாள் முழுதும் ஓடினால் 16.8 யூனிட். 2016இல் தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் மின்சாரத்தைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது நினைவிருக்கும். இந்த ஒரு சில்லு அந்த நூறு யூனிட்டை ஆறு நாளில் தீர்த்துவிடும். பெரிய கூடங்களில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வேகத்தில் சிறிது விட்டுக்கொடுத்தால் மின்சாரம் நிறைய மிஞ்சும் என்ற கணக்கு அங்கே எவ்வளவு பெரிய தொகை என்று நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் இந்தக் கவலை இல்லை. 1974இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டும் அவருடைய தோழர்களும் ஒரு விதியைக் காட்டினார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், சில்லின் ஒரு சதுர மில்லிமீட்டரில் தோன்றும் வெப்பம் கூடாது என்பதே அது. முப்பது ஆண்டுகள் இது கைகொடுத்தது. 2005ஐ ஒட்டிக் கசிவு பெருகியதால் மின்னழுத்தம் 1 வோல்ட்டை ஒட்டி நின்றுவிட்டது. டிரான்சிஸ்டர்கள் மட்டும் பெருகிக்கொண்டே போயின, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓட்டினால் வெப்பம் தாங்காது என்ற நிலை வந்தது. 2010 டிசம்பரில் ஏ.எம்.டி. நிறுவனம், திறன் வரம்பை மீறும்போது வேகத்தை இறக்கும் 'பவர்டியூன்' முறையைக் கொண்டுவந்தது. மேலே சொன்ன ஜி.டி.எக்ஸ் 680 மறுபக்கமிருந்து வந்தது. அதன் அடிப்படை வேகம் 1006 மெகாஹெர்ட்ஸ். இடம் இருந்தால் 1058 மெகாஹெர்ட்ஸுக்கும் அதற்கு மேலும் தானே ஏறிக்கொள்ளும்.

மீண்டும் சித்திரை வெயில்

குற்றாலம் பேரருவியில் வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை விதிப்பார்கள், வடிந்ததும் தடை நீங்கும். இடைநிலை கிடையாது. சில்லின் கட்டுப்பாடு இதைவிட நயமானது. வெப்பநிலை, மின்னோட்டம், வேலைப்பளு ஆகியவற்றை வினாடிக்குப் பலமுறை அளந்து, ஏறத்தாழ 13 மெகாஹெர்ட்ஸ் கொண்ட சிறு படிகளாக ஏறும், இறங்கும். ஏறும்போது முதலில் மின்னழுத்தத்தை உயர்த்தி, பிறகே வேகத்தைக் கூட்டும். இறங்கும்போது முதலில் வேகம், பிறகு அழுத்தம். ஏன் இந்த வரிசை? அணிவகுப்புப் பையனை நினைத்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

நம் சில்லுக்கு 83 டிகிரி செல்சியஸ் வரம்பு என்போம். விசிறியும் அலுமினியத் தகடுகளும் வெப்பத்தை வெளியேற்றும் திறத்தில், ஒவ்வொரு வாட்டுக்கும் சில்லின் வெப்பநிலை அறையைவிடக் கால் டிகிரி உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். சித்திரையில் அறை 38 டிகிரி. மிஞ்சுவது 45 டிகிரி, எனவே 180 வாட்டுக்கு மேல் போக முடியாது. சாரல் நாளில் அறை 26 டிகிரி. மிஞ்சுவது 57 டிகிரி, 228 வாட் வரை போகலாம். திறனில் 27 விழுக்காடு கூடுதல்! ஆனால் மூன்றாம் படி விதியை மறந்துவிடாதீர்கள். அதனால் கிடைக்கும் வேகம் சுமார் 8 விழுக்காடுதான். அட்டைக்கென வகுத்த திறன் வரம்பு 200 வாட் என்றால் அதுவே முதலில் குறுக்கிடும், 8 விழுக்காடும் கிடைக்காது. சாரலுக்கும் ஓர் அளவு உண்டு. (அதற்காக ஜன்னலைத் திறந்து வைத்துக் கணிப்பொறியை நனைத்துவிடாதீர்கள்.)

முதல் சில நிமிடங்கள் மட்டும் ஏன் நன்றாக ஓடியது? தன்வெப்ப ஏற்புத்திறன்தான் காரணம். அரைக் கிலோ அலுமினியத் தகடுகளை 45 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 20,250 ஜூல் வேண்டும். 180 வாட் வீதம் கொடுத்தாலும் இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் விசிறி ஒரு பகுதியை வெளியேற்றிவிடுவதால் இன்னும் சற்று நேரம் பிடிக்கும். அதுவரை சில்லுக்குக் கவலை இல்லை.

விசிறியில் தூசி அடைத்துக்கொண்டால் கால் டிகிரி 0.35 டிகிரியாகலாம். அப்போது சித்திரையில் 129 வாட்டுக்கு மேல் ஏற முடியாது. வேகத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். எனவே கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் மின் இணைப்பை நீக்கிவிட்டு, ஒரு மென்மையான தூரிகையால் விசிறியைத் துடைத்துப் பாருங்கள். கைப்பேசிக்கு விசிறியே இல்லை. வெயிலில் வைத்து, மின்னேற்றிக்கொண்டே விளையாடினால் அது மந்தமாவதற்கும் இதே கணக்குத்தான்.

பள்ளிக் கணிப்பொறி அறையில் 'டாஸ்க் மேனேஜர்' பக்கத்தைத் திறந்தால் மையச் செயலியின் வேகம் நொடிக்கு நொடி மாறுவதைக் காணலாம். அங்கும் இதே முறைதான் கையாளப்படுகிறது. ஒன்றும் செய்யாமல் அரை நிமிடம் பார்த்துவிட்டு, பிறகு ஒரு பெரிய கோப்பைச் சுருக்கச் சொல்லி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அத்தோடு ஒரு கணக்கும் தருகிறேன். மேலே சொன்ன சில்லை 0.7 வோல்ட்டிலேயே வைத்து 1200 மெகாஹெர்ட்ஸிலிருந்து இறக்கிக்கொண்டே வந்தால், எந்த வேகத்தில் ஆற்றல் செலவு மீண்டும் 18,000 ஜூலைத் தொடுகிறது? விடை 563 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வர வேண்டும்.