கணையப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இரத்தக் குறிகாட்டி

இரைப்பைக்குப் பின்புறத்தே, வயிற்றின் ஆழத்தில் அமைந்துள்ளது கணையம். ஆகவே, அதில் தோன்றிய புற்றுக்கட்டி சிகிச்சையால் சுருங்குகிறதா, வளர்கிறதா எனக் கையால் தொட்டறிதல் அரிது. அடிக்கடி ஸ்கேன் எடுப்பதும் எளிதன்று. இக்குறையை ஓரளவு போக்குவது சி.ஏ. 19-9 என்னும் இரத்தப் பரிசோதனையாகும். ஆங்கிலத்தில் ‘ட்யூமர் மார்க்கர்’ எனப்படுவதைக் ‘குறிகாட்டி’ என்று இங்கே பெயர்த்துள்ளோம். ‘அடையாளம்’ என்றால் நோயை உறுதிப்படுத்துவதாகப் பொருள்பட்டுவிடும். இப்பரிசோதனைக்கு அத்தகுதி இல்லை.

1979-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவிலுள்ள விஸ்டார் ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த ஹிலாரி கொப்ரோவ்ஸ்கியும் அவருடைய குழுவினரும் பெருங்குடற் புற்றணுக்களுக்கு எதிராக உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் பற்றி வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று பற்றிக்கொள்ளும் சர்க்கரைத் தொடரே சி.ஏ. 19-9. கணையப் புற்றில் அதன் பயன் மிகுதி என்பது பின்னரே தெளிவாயிற்று. மில்லிலிட்டருக்கு 37 யூனிட் வரை இயல்பான அளவாகக் கொள்வர்.

சிற்றூர்களில் பரிசோதனைச் சீட்டை ஆசிரியரிடமோ சுகாதார ஊழியரிடமோ காட்டிப் பொருள் கேட்பதுண்டு. அவர்களுக்காக ஓர் உதாரணம் கூறுவோம். காமாலையுடன் வந்த ஒருவருக்கு அளவு 900 என்று வைத்துக்கொள்வோம். பித்தநாளத்தில் குழாய் பொருத்திக் காமாலை தணிந்தபின் அது 300. அதன் பின்னரே புற்றுநோய் மருந்து தொடங்குகிறது. இரண்டு மாதங் கழித்து 280. வீட்டார் 900-ஐயும் 280-ஐயும் ஒப்பிட்டு மகிழ்வர். ஆனால், பித்தம் அடைபட்டாலே, புற்று இல்லாதவரிடத்தும் இவ்வெண் உயரக்கூடும். ஆதலின் முதலில் கண்ட வீழ்ச்சி காமாலை நீங்கியதைப் பெரிதும் சார்ந்தது. தொடக்க எண்ணாகக் கொள்ளத்தக்கது 300. அதிலிருந்து 280-க்கு இறங்கியது மருந்தின் பயனைக் காட்டப் போதாது. இதை வீட்டாரிடம் சொல்வது கடினமே. எனினும், முடிவை மருத்துவர் ஸ்கேனையும் நோயாளியின் நிலையையும் சேர்த்தே கூறுவார் என்று சொல்லிவிடலாம்.

ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே முறையில் அளந்த எண்களையே ஒப்பிடுதல் வேண்டும். மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 5 முதல் 10 பேர் இப்பொருளை உண்டாக்கும் தன்மை பிறவியிலேயே இல்லாதவர்கள். இது லூயிஸ் என்னும் இரத்தப் பிரிவைப் பொறுத்தது. அவர்களுக்கு நோய் முற்றினும் அளவு உயராதிருக்கலாம்.

சிகிச்சையின் நடுவே எண் திடீரென ஏறினால், கட்டி வளர்ந்துவிட்டது என்று உடனே அஞ்ச வேண்டியதில்லை. பித்தக் குழாய் மீண்டும் அடைபட்டிருக்கவுங் கூடும். கண் மஞ்சளித்து, காய்ச்சலும் குளிர்நடுக்கமும் காணின், சீட்டை ஆராய்ந்து கொண்டிராமல் நோயாளியை அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.