மன்றம் கூடும் நாள்கள்

மந்தை என்பது ஆநிரை நிற்கும் வெளி. பாண்டி நாட்டு ஊர்கள் பலவற்றில் ஊரார் கூடி வழக்குத் தீர்க்கும் இடத்திற்கும் அதுவே பெயர். நம் மந்தைவெளி இன்று பேருந்துகளையும் இரயில் நிலையத்தையுமே நினைவூட்டினும், அச்சொல்லுக்குள் ஒரு பொதுவெளி இருக்கிறது. அப்பொதுவெளியின் மாநில வடிவமே, புனித ஜார்ஜ் கோட்டையில் 234 உறுப்பினர்களுடன் கூடும் சட்டமன்றப் பேரவை. அஃது ஆண்டு முழுவதும் கூட வேண்டுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சட்டம் வகுத்தது

ஒரு கூட்டத்தொடரின் இறுதி அமர்விற்கும் அடுத்ததன் முதல் அமர்விற்கும் இடையே ஆறு மாதம் கழிதல் ஆகாது என்கிறது அரசியலமைப்பின் 174-ஆம் பிரிவு. எத்தனை நாள் கூட வேண்டும் என்று அது கூறவில்லை. பேரவை கூடாத காலத்தில் ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்க 213-ஆம் பிரிவு இடந்தருகிறது. இவ்விடைவெளி எவ்வாறு தவறாகப் பயன்படும் என்பதற்குப் பீகார் சான்று. ஆங்கு 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டு, அவைக்கு வாராமலே மறுபடி மறுபடி உயிரூட்டப்பட்டன. வாத்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் அதனைக் கடிந்தது.

இரு தரப்பு

அவை நாள்தோறும் கூடின், உறுப்பினர் தொகுதி மக்களைக் காண்பது எப்போது? அமைச்சர் கோப்புகளைக் காண்பது எப்போது? இவ்வினாக்கள் நியாயமானவையே. ஆயினும் மானியக் கோரிக்கை விவாதங்கள் பெரும்பாலும் ஆண்டின் முற்பகுதியிலேயே முடிந்துவிடுகின்றன; வடகிழக்குப் பருவமழையோ அக்டோபரில்தான் தொடங்குகிறது. வடிகாலுக்கு ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று, தெருவில் நீர் நிற்கும் நாளில் கேட்க ஓர் இடம் வேண்டாமா?

உத்திரமேரூர் காட்டும் வழி

முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) இதற்கு விடை தருகிறது. 30 குடும்புகளிலிருந்து குடவோலையால் தேர்ந்தோர் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என அமர்ந்து 360 நாள்களும் பணியாற்றினர். நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே அவ்வுரிமை இருந்தது என்பது அதன் குறை. எனினும், சபை கூடாத நாளிலும் ஏரியைக் கண்காணிக்க ஆளிருந்தது என்பது அதன் சிறப்பு.

முடிவு

மன்றம் ஆண்டு முழுவதும் கூட வேண்டுவதில்லை. அதன் கண்காணிப்பு ஆண்டு முழுவதும் நிகழ வேண்டும். 70 உறுப்பினர்க்குக் குறையாத பேரவைகள் ஆண்டிற்கு 90 நாளேனும் கூட வேண்டும் என்று நீதியரசர் வெங்கடாசலய்யா தலைமையிலான ஆணையம் 2002-இல் பரிந்துரைத்தது. கேரளம் 1980-இலேயே துறைகளை ஆராயும் பொருட்குழுக்களை அமைத்தது. இவ்விரண்டும் இங்கும் வேண்டும். அமர்வு நாள்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவிக்கப்படவும் வேண்டும். மாணவர்களே, வாக்களிக்கும் நாள் ஒன்றே. கேள்வி கேட்கும் நாள் அதனோடு முடிவதில்லை. நம் தொகுதி உறுப்பினர் அவையில் எவ்வினா எழுப்பினார் என்று வினவுவது நம் கடமை.